ஆண்டீஸ் மலையில் பறவை பார்க்க: ஈக்வடாரா, கொலம்பியாவா, பெருவா?

ஆண்டீஸ் பயணத்துக்குக் காசு சேர்த்து வைத்திருக்கும் பறவை ஆர்வலர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். மூன்றும் அடுத்தடுத்த நாடுகள். மூன்றிலும் முகில் மூடிய காடு, ஹம்மிங்பேர்டு, டேனேஜர், டூக்கன் எல்லாம் உண்டு. சுற்றுலா நிறுவனங்கள் காட்டும் படங்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பலர் நாட்டின் மொத்தப் பறவைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். கொலம்பியாவில் 1,900 இனங்களுக்கு மேல், பெருவில் 1,800-க்கு மேல், ஈக்வடாரில் 1,600-க்கு மேல். சரி, கொலம்பியாவுக்கே போவோம் என்று டிக்கெட் எடுக்கிறார்கள்.

முதல் பயணத்துக்கு இந்தக் கணக்கு உதவாது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு வாரத்தில் யாரும் நாடு முழுவதையும் பார்ப்பதில்லை. மலைக்காட்டில் பறவை சுறுசுறுப்பாக இருப்பது விடிந்ததிலிருந்து ஒன்பது, பத்து மணி வரை. அந்த நேரத்தில் நீங்கள் காட்டில் நிற்கிறீர்களா, வேனில் உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்கள் குறிப்பேடு நிறைவதும் காலியாக இருப்பதும் அதைப் பொறுத்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, இரவு தூங்கும் உயரம். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா 2,637. ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் விமானத்தை விட்டு இறங்கி ஓட்டல் அறையில் படுத்தாலே ஏறத்தாழ 2,850 மீட்டரில் படுக்கிறீர்கள். பெருவின் குஸ்கோ 3,400 மீட்டர். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும் என்பதால் நம் மலைகளில் ஏறிய அனுபவம் இங்கே கைகொடுக்காது. நல்ல உடற்பயிற்சி உள்ள இளைஞருக்கும் வரும், எழுபது வயதுக்காரருக்கு வராமலும் போகும். பகலில் எவ்வளவு உயரம் போகிறோம் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறோம் என்பதற்கே உடம்பு அதிகம் பதில் சொல்லும்.

இரண்டாவது, வண்டியில் கழியும் நேரம். மூன்றாவது, அந்தத் தடத்தை விட்டால் வேறெங்கும் பார்க்க முடியாத பறவைகள். நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவுகள். ஐந்தாவது, மழையும் சாலையும் நாட்டு நிலவரமும்.

இந்த ஐந்தில் முதல் இரண்டுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன். தலைவலியோடும் தூக்கமின்மையோடும் பார்க்கும் அரிய பறவையில் பாதி மகிழ்ச்சிகூட மிஞ்சாது.

## ஈக்வடார்: கீட்டோவின் இரண்டு பக்கமும்

ஈக்வடாரில் ஆண்டீஸ் இரண்டு தொடர்களாக ஓடுகிறது. நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் கீட்டோ. மேற்கே இரண்டு மணி நேரம் போனால் தந்தயாபா பள்ளத்தாக்கும் மிண்டோவும். கிழக்கே போனால் 4,000 மீட்டரைத் தாண்டும் பாப்பயாக்தா கணவாய். அதற்கப்பால் அமேசான் பக்கத்துச் சரிவு. இரண்டு சரிவுகளின் பறவைகளும் பெருமளவு வேறு வேறு. ஒரே நகரத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்துவிடலாம். இந்த வசதி மற்ற இரண்டு நாடுகளிலும் இல்லை.

மிண்டோ ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கீட்டோவில் இறங்கிய மறுநாளே மிண்டோவுக்குக் கீழே போய்விட்டால் உடம்புக்கு ஓய்வு. அங்கே நாலைந்து நாள் தங்கிப் பழகிவிட்டு, பிறகு கிழக்குச் சரிவுக்கு ஏறலாம். பல நிறுவனங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்து, முதல் நாளே 3,500 மீட்டரில் இருக்கும் யானகோச்சா காப்பகத்துக்கு அழைத்துப் போகின்றன. கேட்டால் மாற்றித் தருவார்கள், கேளுங்கள்.

யானகோச்சாவை ஹோகோதோகோ அறக்கட்டளை நடத்துகிறது. இந்த அமைப்பு பிறந்ததே ஒரு பறவையால்தான். 1997 நவம்பரில் தெற்கு ஈக்வடார் மலைக்காட்டில் ராபர்ட் ரிட்ஜ்லி குழுவினர் ஆன்ட்பிட்டா என்ற தரைப்பறவை வகையில் அதுவரை அறிவியலுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டார்கள். அதன் காட்டைக் காப்பாற்ற அடுத்த ஆண்டே அறக்கட்டளை தொடங்கப்பட்டது. யானகோச்சாவில் அவர்கள் காப்பது கருமார்பு பஃப்லெக் என்ற ஹம்மிங்பேர்டை. கால்களைச் சுற்றி வெண்பஞ்சு இறகு கொண்டது, உலகில் வடமேற்கு ஈக்வடாரில் மட்டுமே வாழ்வது. மிக அரிது, அதைப் பார்த்தே தீருவேன் என்று போகக் கூடாது. வாளலகு ஹம்மிங்பேர்டு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வால் நீங்கலான உடம்பைவிட நீளமான அலகு. கிளையில் உட்காரும்போது அந்த அலகை வானத்தை நோக்கித் தூக்கியே வைத்திருக்கும். இறகு கோத அலகு பயன்படாது, ஆகையால் காலைத் தூக்கிச் சொறிந்துதான் சுத்தம் செய்துகொள்ளும். சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைக்கு அது வரும்போது குடுவையிலிருந்து தன் அலகு நீளத்துக்குத் தள்ளியே அந்தரத்தில் நிற்கும்; கேமராவைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

மிண்டோ பக்கத்தில் தவறவிடக் கூடாதது பாஸ் குடும்பத்தின் நிலம். ஆங்கெல் பாஸ் ஒரு விவசாயி. தன் நிலத்துக் காட்டில் காக் ஆஃப் த ராக் என்ற சிவப்புப் பறவையின் ஆண்கள் கூடி ஆடும் இடம் இருப்பதைக் கண்டு, பயணிகளுக்காகப் பாதை வெட்டினார். புதிதாகக் கிளறிய மண்ணில் புழு பொறுக்க ஒரு பெரிய ஆன்ட்பிட்டா வந்தது. ஆன்ட்பிட்டா என்றால் புதருக்குள் நடந்தே திரியும், குரல் கேட்டாலும் கண்ணில் படாத பறவை. அவர் புழுக்களைப் போட்டுப் பொறுமையாகப் பழக்கி, மரியா என்று பெயர் வைத்தார். கூப்பிட்டால் மரியா வந்து பாதையில் நின்று புழு தின்னத் தொடங்கியது. மரத்தையும் மேய்ச்சலையும் நம்பியிருந்த ஒரு குடும்பம் பறவையை நம்பி வாழலாம் என்று அது காட்டிக்கொடுத்தது. இந்த முறை பிறகு கொலம்பியா வரை பரவியது. இப்படிப்பட்ட இடத்தில் கொடுக்கும் கட்டணம் நேரே காட்டுக்குப் போகிறது. அதனால்தான் மிண்டோவில் பெரிய விடுதியில் செலவழிக்கும் காசில் கொஞ்சத்தைச் சின்னச் சின்னக் குடும்பக் காப்பகங்களுக்கு ஒதுக்குங்கள் என்று சொல்கிறேன்.

கிழக்குச் சரிவில் குவாங்கோ (2,700 மீட்டர்), சான் இசிட்ரோ (2,000 மீட்டர்) ஆகிய காட்டு விடுதிகள் போதும். சான் இசிட்ரோவில் விளக்கடியில் வந்து உட்காரும் ஆந்தை எந்த இனத்தோடும் முழுதாகப் பொருந்தாமல் வெகுகாலம் ஆய்வாளர்களைக் குழப்பியது. ஆண்டீஸின் பெருங்கழுகான காண்டோர் பார்க்க வேண்டுமென்றால் அந்திசானா எரிமலைப் பக்கம் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் அரசு 'உள்நாட்டு ஆயுத மோதல்' என்று அறிவித்த அளவுக்குப் போதைக் கும்பல்களின் வன்முறை முற்றியது. அதன் சுமை அதிகம் விழுந்தது குவயாகில் போன்ற கடலோர நகரங்களில். மலைத்தடம் பெரும்பாலும் அமைதியானது என்றாலும், கடலோரப் பகுதியைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். புறப்படும் முன் நிலவரம் பாருங்கள்.

## கொலம்பியா: மூன்று தொடர், நீண்ட சாலை

தெற்கிலிருந்து வரும் ஆண்டீஸ் கொலம்பியாவுக்குள் மூன்றாகப் பிரிகிறது. இடையில் காவ்கா, மக்தலேனா என்ற இரண்டு பெரிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள். ஒரு மலைத்தொடரின் குளிர்காட்டில் வாழும் பறவை சூடான பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த தொடருக்குப் போவதில்லை. ஒவ்வொரு தொடரிலும் தனித்தனி இனங்கள் உருவானது அதனால்தான். இந்த நாட்டின் பட்டியல் இவ்வளவு நீளமாக இருப்பதற்கும், அதைப் பார்க்க நீங்கள் இவ்வளவு நேரம் வண்டியில் இருக்க வேண்டியதற்கும் காரணம் ஒன்றே. பறவை பள்ளத்தாக்கைக் கடக்காது, நீங்கள் கடந்தாக வேண்டும்.

வழக்கமான பயணத்தில் மூன்று பகுதிகள் இருக்கும். மனிசாலேஸ் நகரை ஒட்டிய ரியோ பிளாங்கோ காப்பகத்தில் பல ஆன்ட்பிட்டாக்களைப் புழு வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலையின் புல்வெளிக்கு ஏறினால் ஹெல்மெட்கிரஸ்ட் என்ற தாடி வைத்த ஹம்மிங்பேர்டு. எரிமலை இன்னும் உயிரோடிருப்பது; உறுமினால் பூங்காவை மூடிவிடுவார்கள். அந்த நாளை வேறெதற்குப் பயன்படுத்துவது என்று கைடிடம் முன்பே பேசிவையுங்கள்.

இரண்டாவது ஹார்தின். அந்தியோக்கியா மாநிலத்தின் அழகான சிற்றூர். ஊரின் ஓரத்து ஆற்றுப் பள்ளத்தில் ரத்தச் சிவப்பான காக் ஆஃப் த ராக் ஆண்கள் கூடிக் கத்துகின்றன. தெருவிலிருந்து நடந்தே போகலாம், விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை. ஊருக்கு மேலே மலையில் மஞ்சள்காதுக் கிளி. இந்தக் கிளி கூடு வைப்பது மெழுகுப் பனையில். அறுபது மீட்டர் வரை வளரும் இந்தப் பனையின் இளங்குருத்துகளைக் குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்காக வெட்டினார்கள். மேய்ச்சல் நிலத்தில் பனங்கன்றுகளும் பிழைக்கவில்லை. பனை குறையக் குறையக் கிளியும் குறைந்து, அற்றுப்போய்விட்டதாகவே பலர் நினைத்தார்கள். 1999-இல் 81 கிளிகள் கொண்ட கூட்டம் தென்பட்டது. புரோஆவேஸ் அமைப்பினர் தேவாலயங்களோடு பேசி வேறு ஓலைக்கு மாறச் செய்தார்கள், கூட்டுப்பெட்டிகள் கட்டினார்கள். இன்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. காலையில் அந்த மேட்டில் நின்று, உரக்கக் கூவிக்கொண்டு ஜோடி ஜோடியாகக் கிளிகள் கடந்துபோவதைப் பார்ப்பதற்காகவே கொலம்பியாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு வாதாட மாட்டேன்.

மூன்றாவது சாந்தா மார்த்தா. நிலவியல்படி இது ஆண்டீஸே அல்ல. கரீபியன் கடலிலிருந்து ஏறத்தாழ 42 கிலோமீட்டரிலேயே 5,700 மீட்டர் அளவுக்கு எழும் தனிமலை. தனித்து நிற்பதால் இதற்கே உரிய பறவை இனங்கள் இருபதுக்கு மேல். புரோஆவேஸின் எல் தொராதோ காப்பக விடுதி 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின்கா என்ற ஊரிலிருந்து அங்கே போகும் சாலைக்கு நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் வேண்டும். மேலேயுள்ள முகட்டுக்கு விடியும் முன்பே மறுபடி ஜீப். முதுகுவலி உள்ளவர்கள் இதை யோசித்துப் போக வேண்டும். பொகோதா அல்லது மெதெயினிலிருந்து உள்நாட்டு விமானம் இல்லாமல் இந்தப் பகுதியைச் சேர்க்க முடியாது.

உயரத்தைப் பொறுத்தவரை கொலம்பியாதான் மூன்றிலும் இதமானது. பொகோதா 2,600 மீட்டரில் இருந்தாலும், மெதெயினில் இறங்கினால் 1,500 மீட்டர்தான். நெவாதோவுக்கு ஏறும் ஒரு நாள் தவிர மற்ற இரவுகளெல்லாம் 2,500-க்குக் கீழே அமையும்படி திட்டமிடலாம். இரத்த அழுத்தம், மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். மருத்துவரைக் கேட்காமல் எந்த நாட்டுக்கும் கிளம்ப வேண்டாம், அது வேறு.

## பெரு: ஒரே சாலையில் மலையிலிருந்து காடு வரை

மனு தேசியப் பூங்கா 1973-இல் அமைந்தது. 1987-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பூங்காவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவை இனங்கள். குஸ்கோவிலிருந்து பௌகர்தம்போ வழியாக அகானாக்கோ கணவாய்க்கு ஏறி, அங்கிருந்து அமேசான் சமவெளி வரை ஒரே சாலை இறங்குகிறது. வாய்கெச்சா ஆய்வு நிலையம் 2,900 மீட்டரில், சான் பெத்ரோ பகுதியின் காக் ஆஃப் த ராக் விடுதி அதற்குப் பாதி உயரத்தில், பிறகு பில்கோபாத்தா. சில நூறு மீட்டர் இறங்குவதற்குள் டேனேஜர் கூட்டத்தின் உறுப்பினர்கள் மாறிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே அனுப்பிவிட்டு நடந்து இறங்குங்கள் என்று கைடு சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளுங்கள், இந்தச் சாலையின் அருமை நடந்தால்தான் தெரியும். மூன்று தடங்களில் காடு அறுபடாமல் நீள்வது இங்கேதான். இன்னும் நாலைந்து நாள் இருந்தால் ஆற்றில் படகேறி, மக்கா கிளிகள் கூட்டமாக வந்து களிமண் தின்னும் கரை வரை போகலாம்.

சிக்கல் ஆரம்பத்திலேயே இருக்கிறது. கடல்மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து பறந்து 3,400 மீட்டரில் இறங்குகிறீர்கள். முதல் இரவை குஸ்கோவில் கழிக்காமல், நேரே காரில் உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கி ஓயாந்தாய்தம்போ பக்கம் (2,800 மீட்டர்) தூங்குவது நல்லது. அப்படியும் இரண்டு நாள் மெதுவாகத்தான் நகர வேண்டும். விடுதியில் தரும் கோக்கா இலைத் தேநீரைக் குடிக்கலாம். இலையைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரக் கூடாது, பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழையில் மண்சரிவு. மாற்றுச் சாலை கிடையாது. சரிந்தால் காத்திருக்க வேண்டியதுதான். அதோடு அரசியல் போராட்டங்களில் குஸ்கோ பகுதிச் சாலைகளும் ரயிலும் நின்றுபோவதுண்டு. 2023 ஜனவரியில் மச்சு பிச்சுவையே மூடினார்கள். பெரு போகிறவர்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு நாளாவது கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வட பெருவும் உண்டு: நான்கே வால் இறகுகள் கொண்ட ஸ்பாட்யூல்டெயில் ஹம்மிங்பேர்டு, 1976-இல் கண்டறியப்பட்ட நீள்மீசைச் சிற்றாந்தை. அற்புதமான தடம், ஆனால் இரண்டாவது பயணத்துக்கானது.

## ஒரே பார்வையில்

| | ஈக்வடார் | கொலம்பியா | பெரு (மனு சாலை) |
|---|---|---|---|
| இறங்கும் ஊரின் உயரம் | கீட்டோ 2,850 மீ | மெதெயின் 1,500 மீ, பொகோதா 2,600 மீ | குஸ்கோ 3,400 மீ |
| வண்டி நேரம் | குறைவு | மிக அதிகம், உள்நாட்டு விமானமும் | நடுத்தரம், மெதுவான சாலை |
| படம் எடுக்க | மிக எளிது | எளிது | பொறுமை வேண்டும் |
| தனிச்சிறப்பு | இரு சரிவுகள், ஆன்ட்பிட்டா | சாந்தா மார்த்தா இனங்கள், மஞ்சள்காதுக் கிளி | அறுபடாத காடு, மக்கா |
| நல்ல மாதங்கள் | மேற்குச் சரிவுக்கு ஜூன்–செப்டம்பர் | டிசம்பர்–மார்ச், ஜூலை–ஆகஸ்ட் | ஜூன்–செப்டம்பர் |
| பணம் | அமெரிக்க டாலரே நாணயம் | பெசோ | சோல் |

## விலைப்பட்டியலில் வராதவை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை விட்டவர்கள் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று நாடுகளும் இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை. சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குள் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்று. முன்பதிவு கிடைக்க நாளாகும் என்பதால் டிக்கெட் எடுத்த வாரமே இதைக் கவனியுங்கள்.

அடுத்து விசா. ஈக்வடார் 2019 முதல் இந்தியர்களிடம் விசா கேட்கிறது. கொலம்பியாவும் பெருவும், போதிய காலம் செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு விலக்கு தந்துவந்திருக்கின்றன. விதிகள் மாறுபவை, தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதென்றால் அந்த நாட்டு விசாவும் தேவை. மலிவு டிக்கெட் என்று எடுத்துவிட்டு இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய.

பேக்கேஜில் பெரும்பாலும் சேராதவை: தோட்டங்களுக்கும் குடும்பக் காப்பகங்களுக்குமான நுழைவுக் கட்டணம், கைடுக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு, தனியறை வேண்டுமென்றால் கூடுதல் தொகை, கொலம்பியாவில் உள்நாட்டு விமானத்தில் லென்ஸ் பையின் எடைக் கட்டணம், மலைமீட்பு வரை உள்ளடங்கிய காப்பீடு. ஈக்வடாரில் ஐம்பது, நூறு டாலர் தாள்களைச் சின்னக் கடைகளில் வாங்க மாட்டார்கள். ஐந்து, பத்து, இருபதாக எடுத்துப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அரிசி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, வாழைக்காய் எங்கும் கிடைக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ தட்டில் வரலாம். எதெது கூடாது என்று ஸ்பானிஷில் எழுதி விடுதிக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு நிறுவனத்தின் குழுப் பயணமா, உள்ளூர் கைடா என்ற கேள்விக்கு என் பதில்: நாலு பேர் சேர்ந்தால் உள்ளூர் கைடு. செலவு குறையும், பணம் அந்த ஊரிலேயே தங்கும், விரும்பிய இடத்தில் இன்னொரு காலை நிற்கலாம். தனியாகப் போகிறவருக்குக் குழுதான் கட்டுப்படியாகும். எதுவானாலும், பறவைக் குரலை ஒலிபெருக்கியில் எவ்வளவு நேரம் போடுவார் என்று கைடிடம் முன்பே கேளுங்கள். கூடு கட்டும் காலத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பறவையை அலைக்கழிப்பவரை நான் அமர்த்த மாட்டேன்.

## யாருக்கு எது

இதுதான் முதல் ஆண்டீஸ் பயணம், கையில் பத்து நாள் என்றால் ஈக்வடார். படம் எடுப்பதுதான் முக்கியம் என்றாலும் அதே ஈக்வடார்தான். பறவை கைக்கெட்டும் தூரத்துக்கு வரும், நீங்கள் ஓட வேண்டியதில்லை.

உயரம் ஒத்துக்கொள்ளாதவர், அல்லது வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர் கொலம்பியாவை எடுக்கலாம். மெதெயின், ஹார்தின், மனிசாலேஸ் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெவாதோ ஏறுவதையும் சாந்தா மார்த்தாவையும் விட்டுவிடுங்கள். மூன்று வாரமும் பட்டியல் ஆசையும் உள்ளவர் சாந்தா மார்த்தாவோடு சேர்த்து முழுச் சுற்றும் போகட்டும்.

விலங்குகளும் பெருங்காடும் பறவைக்குச் சமமாக இழுக்கின்றன என்றால் பெரு. கணவன் மனைவியில் ஒருவருக்குப் பறவையில் ஆர்வம் இல்லை என்றாலும் பெருதான். முதல் நாலு நாள் உருபம்பா பள்ளத்தாக்கும் மச்சு பிச்சுவும் அவருக்காக. அந்த நாட்களில் உங்கள் உடம்பும் உயரத்துக்குப் பழகிவிடும். அப்புறம் மனு சாலைக்கு இருவரும் சேர்ந்தே இறங்கலாம்.